டிஎன்ஏசைம் எச்ஐவியின் ஆர்என்ஏவை வெட்டும் என்றால் இன்னும் ஏன் மருந்தாகவில்லை?

கடைசிபெஞ்ச்:
எம்.எஸ்சி. பயோடெக் படிக்கிறேன், செமினாருக்கு டிஎன்ஏசைம் (ஆர்என்ஏவை வெட்டும் டிஎன்ஏ துண்டு) தலைப்பு விழுந்திருக்கிறது. 1997ல் சான்டோரோவும் ஜாய்ஸும் கண்டுபிடித்த 10-23 என்ற டிஎன்ஏசைம்தான் முக்கியமானது என்று புரிகிறது. நடுவே 15 எழுத்துள்ள வெட்டும் பகுதி, இரு பக்கமும் இலக்கைப் பிடிக்கும் கைகள், கைகளை மாற்றினால் இலக்கும் மாறிவிடும். எச்ஐவி ஆர்என்ஏ வைரஸ்தானே, டாட், ரெவ், காக் என அதன் ஜீன்களில் எதை வேண்டுமானாலும் நறுக்கலாமே? எங்கே சிக்கல்?

பிப்பெட்டன்:
கண்ட இடத்தில் வெட்டாதுங்க, ஒரு ப்யூரினுக்கும் (ஏ, ஜி) பிரிமிடினுக்கும் (யூ, சி) நடுவில்தான். புரதம் தொடங்கும் இடமான ஏயூஜி அதற்குத் தோதாக இருப்பதால் பலரும் அங்கேயே குறி வைப்பார்கள். ஆனால் ஆர்என்ஏ மடிந்து கிடந்தால் கை எட்டாது. அதைவிடப் பெரிய தலைவலி, வெட்டுவதற்குத் தேவையான மெக்னீசியம்: குழாயில் 10 மில்லிமோலார் ஊற்றி வெட்டிக் காட்டிவிடலாம், செல்லுக்குள் கட்டுப்படாமல் இருப்பது சுமார் 1 மில்லிமோலார் அல்லது அதற்கும் கீழே. அதனால் செல்லில் வைரஸ் குறைந்தது என்றாலே டிஎன்ஏசைம் வெட்டியது என்று நம்பிவிடாதீர்கள், கைகள் ஒட்டியதும் டிஎன்ஏவோடு ஒட்டிய ஆர்என்ஏவை வெட்டும் செல்லின் சொந்த நொதி ஆர்என்ஏஸ் எச் வந்து வெட்டியிருக்கலாம். வெட்டும் பகுதியை மட்டும் கெடுத்துவிட்டு ஒப்பிட்டார்களா என்று பாருங்கள், செமினாரில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். (10-23 என்றால் பத்தாவது தேர்வுச் சுற்றில் கிடைத்த 23வது குளோன், அவ்வளவுதான்.)

வெள்ளணு:
ஜீன் தெரபியாகப் பார்த்தால் இன்னொரு முட்டுக்கட்டை. இதே மாதிரி வெட்டும் ரைபோசைம் ஆர்என்ஏ என்பதால் அதன் ஜீனை வெக்டரில் (ஜீனைச் சுமந்து செல்லும் வாகனம்) வைத்து ஸ்டெம் செல்லுக்குள் அனுப்பிவிட்டால் செல்லே தயாரித்துக்கொள்ளும். எச்ஐவிக்கு எதிரான ஓஇசட்1 ரைபோசைம் அப்படித்தான், 74 பேரிடம் சோதித்து 2009ல் முடிவு வந்தது, பாதுகாப்பானது, ஆனால் முதன்மை அளவீட்டில் வைரஸ் அளவு குறிப்பிடும்படி மாறவில்லை. டிஎன்ஏசைமோ ஒற்றை இழை டிஎன்ஏ. அதைச் செல்லே அச்சடிக்க வைப்பது லேசில்லை, பெரும்பாலும் வெளியிலிருந்து மருந்து மாதிரி மறுபடி மறுபடி கொடுக்க வேண்டும். டெல்லி என்ஐஐயில் (தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனம்) அகில் பானர்ஜி குழு, எச்ஐவி செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் சிசிஆர்5 புரதத்துக்கு எதிராகச் செய்ததைப் படியுங்கள். வைரஸை விட்டுவிட்டு அது நுழையும் கதவைக் குறி வைப்பது, எனக்குப் பிடித்த யோசனை. கதவு நம்முடைய ஜீன், வைரஸ் மாதிரி தினமும் முகம் மாற்றாது.

மருந்துக்கடை:
எவ்வளவு ஆர்என்ஏவை வெட்டினாலும் குரோமோசோமில் ஒட்டிக்கொண்ட புரோவைரஸ் (வைரஸின் டிஎன்ஏ நகல்) அப்படியே இருக்கிறதே, அது மறுபடி அச்சடிக்கும். அப்போது போட்டி நாளுக்கு ஒரு ஏஆர்டி (எச்ஐவியை அடக்கும் கூட்டு மருந்து) மாத்திரையோடு. அதை ஒழுங்காகச் சாப்பிட்டாலே வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிடுகிறது. யார் பணம் போடுவார்கள்?

கடைசிபெஞ்ச்:
அது சரி. ஆஸ்துமாவுக்கு, அலர்ஜியைத் தூண்டும் கேட்டா-3 ஜீனின் ஆர்என்ஏவை வெட்டும் டிஎன்ஏசைமை மூச்சில் இழுக்க வைத்து மனிதர்களிடம் சோதித்ததாகப் பார்த்தேன், நுரையீரலுக்கு நேராகப் போய்விடுவதால் அங்கே சுலபம் போல. அதையும் ஒரு ஸ்லைடில் சேர்க்கிறேன். ஆர்என்ஏஸ் எச் விஷயத்துக்கு நன்றி பிப்பெட்டன் அண்ணா, கைடு அதைத்தான் முதலில் கேட்பார்.