அடுத்த ஆண்டு 30 விழுக்காடு: இரண்டு நாற்காலியில் எட்டுமா?

தெம்பனீஸ்_குமரன்:
சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் பல் மருந்தகம் நடத்துகிறேன். இரண்டு நாற்காலி, இரண்டு மருத்துவர். அடுத்த ஆண்டு வருமானம் 30 விழுக்காடு உயர வேண்டும் என்று தாளில் பெரிதாக எழுதி, ஊழியர் அறைச் சுவரில் ஒட்டினேன். மறுநாளே யாரோ கிழித்துவிட்டார்கள். மருத்துவர்களில் ஒருவராகத்தான் இருக்கும். வாடகை ஏறுகிறது. பொருள் சேவை வரியும் 2024இல் 9 விழுக்காடாகிவிட்டது. சின்ன இலக்கு வைத்தால் சின்ன உழைப்புதான் கிடைக்கும் என்பது என் கட்சி.

ஞானப்பல்:
நானும் பல் மருத்துவர்தான். கிழித்தவன் நானில்லை, உங்களிடம் வேலை பார்த்திருந்தால் நானும் கிழித்திருப்பேன். கணக்குப் போடுங்கள், ஐயா. இரண்டு நாற்காலி, நாளுக்கு 8 மணி நேரம், வாரம் 6 நாள். ஆக வாரத்துக்கு 96 மணி நேரம். அதில் முன்பதிவு எவ்வளவு?

தெம்பனீஸ்_குமரன்:
82.

ஞானப்பல்:
30 விழுக்காடு கூட்டினால் 106ஐத் தாண்டுகிறது. இல்லாத பத்து மணி நேரத்தை எங்கே தேடுவீர்கள்? நோயாளியின் வாயில்தான். அடைத்தாலே போதும் என்கிற பல்லுக்கு, அதை முழுதாக மூடும் உறை போடச் சொல்ல வேண்டிவரும். வரும்படியில் பங்கு வாங்கும் மருத்துவரிடம் அந்தத் தாள் என்ன சொல்லும் என்று யோசித்தீர்களா? சாஸ் என்கிற அரசு உதவித் திட்டத்தில் மருந்தகங்கள் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கைகளைச் சுகாதார அமைச்சு தணிக்கை செய்கிறது. தவறாகக் கோரியதற்காக அத்திட்டத்திலிருந்து நிறுத்திவைக்கப்பட்ட பல் மருந்தகங்களும் உண்டு.

ஈசூன்_வள்ளி:
என் அம்மா மூத்தோருக்கு அரசு சலுகை தரும் முன்னோடித் தலைமுறை அட்டை வைத்திருப்பவர். பல் சுத்தம் செய்யப் போனவரிடம் ஒரு மருந்தகத்தில் மூன்று உறை போட வேண்டும் என்றார்கள். வேறொரு மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றே போதும் என்றார். முதல் இடத்துச் சுவரிலும் ஏதோ ஓர் எண் ஒட்டியிருந்திருக்கும்.

தெம்பனீஸ்_குமரன்:
அக்கா, எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். டாக்டர், 82 என்பது முன்பதிவுதான். அதில் 12 மணி நேரத்துக்கு ஆளே வருவதில்லை. உண்மையில் வேலை நடப்பது 70. அதோடு 30 விழுக்காடு கூட்டினால் 91. 96க்குள் அடங்கிவிட்டதே! முதல் நாளே தொலைபேசியில் நினைவூட்டுவேன். ஆறு மாதமாகியும் பல் சுத்தத்துக்கு வராதவர்களுக்குச் செய்தி அனுப்புவேன். இதில் யார் தலையில் உறையைக் கட்டுகிறேன்? நிறுவனம் தரும் பல் சலுகை காலாவதியாகிறது என்று டிசம்பரில் ஓடி வருகிறார்களே, அவர்களை மே மாதமே வரவழைப்பேன்.

ஞானப்பல்:
முதல் கணக்கில் இடறியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மே மாதம் சலுகையைத் தீர்த்தவர் டிசம்பரில் வரமாட்டார். இடது பையில் இருப்பதை வலது பையில் போட்டுவிட்டு வளர்ச்சி என்கிறீர்கள். 96இல் 91 நிரம்பிவிட்டால், கன்னம் வீங்கிக் காலையில் வந்து நிற்பவரை எங்கே உட்காரவைப்பீர்கள்?

கருவிக்காரி:
பத்து ஆண்டாகப் பல் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். இருவரும் நாற்காலியையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். ஒருவர் வாயில் பட்ட, பல்லைக் குடையும் கைக்கருவியைக் கழுவி, எண்ணெய் விட்டு, பையில் அடைத்து, 134 டிகிரி நீராவியில் கிருமி நீக்கி, உலர்த்தி எடுக்க எங்கள் இடத்தில் ஒரு மணி நேரமாவது ஆகிறது. உங்களிடம் கைக்கருவி எத்தனை? நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரம் எத்தனை?

தெம்பனீஸ்_குமரன்:
கைக்கருவி எட்டு. ஆட்டோகிளேவ் ஒன்று.

கருவிக்காரி:
அப்படியானால் அந்த 70 மணி நேரத்தில், கருவி வரட்டும் என்று மருத்துவர் கைகட்டி உட்கார்ந்திருந்ததும் சேர்ந்திருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குக் கருவி கழுவும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், அண்ணா. தாளைக் கிழித்தது மருத்துவர்தானா என்றும் விசாரியுங்கள்.

தெம்பனீஸ்_குமரன்:
விசாரித்தேன். உதவியாளர்தான். இரண்டாவது ஆட்டோகிளேவுக்கு விலை கேட்டிருக்கிறேன். இலக்கு மட்டும் அதே 30தான்.

ஈசூன்_வள்ளி:
தாளை மறுபடியும் ஒட்டிவிட்டீர்களா? அம்மா வேறு இடத்துக்கே போகட்டும்.