கார் விற்ற கணக்கில் எனக்கு 44,000, விடையில் 20,000: எங்கே தவறுகிறேன்?

வங்சா மாஜூ மாணவி:
வணக்கம். கோலாலம்பூரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஏசிசிஏ என்ற கணக்காளர் தேர்வுக்குப் படிக்கிறேன். டிசம்பரில் மலேசிய வரித் தாள் எழுத வேண்டும். காலையில் எல்ஆர்டி ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கும்வரை ஃபார்முலா அட்டைகளைத்தான் புரட்டுகிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கணக்கு என்று வந்தால் விடை மாறிவிடுகிறது. மூன்று நாளாக இந்த ஒரே கணக்கில் நிற்கிறேன்.

ஒரு கம்பெனி 2022 மார்ச்சில் 140,000 வெள்ளி (ரிங்கிட்) ரொக்கம் கொடுத்துப் புதுக் கார் வாங்குகிறது. மேலாளர் ஓட்டும் சாதாரணக் கார்தான். 2024 அக்டோபரில் 84,000க்கு விற்கிறது. கணக்கு ஆண்டு டிசம்பர் 31இல் முடிகிறது.

நான் போட்டது: புதுக் கார், விலை 150,000ஐத் தாண்டவில்லை, அதனால் 100,000க்குத்தான் கேப்பிட்டல் அலவன்ஸ் (தேய்மானத்துக்குப் பதிலாக வரிச் சட்டம் தரும் கழிவு). 2022இல் இனிஷியல் அலவன்ஸ் (வாங்கிய ஆண்டில் ஒரு தடவை மட்டும் கிடைப்பது) 20%, ஆண்டு அலவன்ஸ் 20%, ஆக 40,000. 2023இல் இன்னொரு 20,000. மிச்சம் 40,000. விற்ற பணம் 84,000. கழித்தால் பேலன்சிங் சார்ஜ் (அதிகமாக வாங்கிய அலவன்ஸை விற்கும்போது திருப்பிக் கொடுப்பது) 44,000.

விடையில் 20,000 என்று இருக்கிறது. அச்சுப் பிழையோ என்றுகூட நினைத்தேன். யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

செந்தூல்காரன்:
அக்கா, 2024க்கும் ஆண்டு அலவன்ஸ் 20,000 எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டீர்கள், அதனால்தான் விடை இடிக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
தம்பி, அப்படி இல்லை. ஆண்டு அலவன்ஸ் வேண்டும் என்றால் அந்த ஆண்டின் கடைசி நாளில் பொருள் கையில் இருக்க வேண்டும். அக்டோபரில் விற்றாகிவிட்டது, அதனால் 2024க்கு ஒன்றும் கிடையாது. அந்த இடத்தில் தங்கச்சி செய்தது சரி.

தங்கச்சி, விடையில் அச்சுப் பிழை இல்லை. 84,000ஐ அப்படியே எடுத்தாய் பார், அங்கேதான் வழுக்கியிருக்கிறது. 140,000 கொடுத்து வாங்கிய காரில் வரிச் சட்டம் கண்ணில் எடுத்துக்கொண்டது 100,000ஐ மட்டும்தான். மீதி 40,000க்கு உனக்கு ஒரு காசு அலவன்ஸ் தரவில்லை. அப்படியிருக்க, விற்ற பணம் முழுவதையும் அந்த 100,000க்கு எதிரே வைப்பது நியாயமா? வாங்கும்போது எந்தப் பங்கை எடுத்தார்களோ, விற்கும்போதும் அதே பங்குதான்.

84,000 × 100,000 ÷ 140,000 = 60,000.
60,000 − 40,000 = 20,000.

இப்போது சரிபார்க்கிற வழியையும் சொல்கிறேன், இதை நான் ஒவ்வொரு கணக்கிலும் செய்வேன். இரண்டு ஆண்டில் வாங்கிய அலவன்ஸ் 60,000. திருப்பிக் கொடுத்தது 20,000. ஆக நிகரமாகக் கிடைத்தது 40,000. ஏற்றுக்கொண்ட 100,000இல் திரும்பி வந்தது 60,000, இழந்தது 40,000. இரண்டும் ஒன்றாக வந்தால் கணக்கு சரி. உன் 44,000ஐ வைத்துப் பார்த்தால் நிகர அலவன்ஸ் 16,000தான் வருகிறது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. விகித அட்டவணையைத் தேர்விலேயே கொடுத்துவிடுவார்கள். அட்டையில் 20%, 14%, 10% என்று உருப்போடுகிற நேரத்தை இந்த மாதிரிக் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கக் கொடு. விகிதம் தெரிந்தும் வழி தெரியாமல் மதிப்பெண் விட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காமல் சொல்கிறேன்.

பட்டர்வொர்த் அண்ணன்:
அக்கா சொன்னதற்கு மேல் ஒன்று. இதே காரை மேலாளரின் சொந்த உபயோகத்துக்கும் கொடுத்திருந்தால், அவருடைய சம்பள வருமானத்தில் அந்தக் கார் வசதிக்கான சலுகை மதிப்பைச் சேர்க்கச் சொல்வார்கள். அதைக் கணக்கிட இரண்டு முறை உண்டு. அங்கே போய் 100,000 வரம்பைப் போட்டுவிடாதீர்கள். ஃபார்முலா முறையில் முழு விலைதான்: 140,000 ÷ 8 × 80% = 14,000. அட்டவணை முறையில் 100,001 முதல் 150,000 வரையிலான காருக்கு ஆண்டுக்கு 5,000. கார் ஒன்றுதான், ஆனால் வரம்பு கம்பெனியின் அலவன்ஸுக்கு மட்டும். நான் முதல் தடவை எழுதியபோது இதைக் குழப்பித்தான் அந்தக் கேள்வியை விட்டேன்.

வங்சா மாஜூ மாணவி:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. அந்தப் பங்கு விஷயம் இப்போதுதான் புரிகிறது. என் அட்டையில் ‘விற்ற தொகை − மிச்சம்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். நேற்று ராத்திரி மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை நானே ஒரு கணக்கு உருவாக்கிப் போட்டேன், பாருங்கள்:

புதுக் கார், விலை 200,000. 150,000ஐத் தாண்டிவிட்டதால் 50,000தான். இனிஷியல் 10,000, இரண்டு ஆண்டுக்கான ஆண்டு அலவன்ஸ் 20,000, மிச்சம் 20,000. மூன்றாம் ஆண்டில் 120,000க்கு விற்றால், 120,000 × 50,000 ÷ 200,000 = 30,000. பேலன்சிங் சார்ஜ் 10,000. சரிபார்த்தால்: நிகர அலவன்ஸ் 20,000, 50,000 − 30,000 = 20,000. சரியா?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
சரியாக இருக்கிறது, தங்கச்சி. அட்டையில் புதுசா பழசா என்றும் ஒரு வரி எழுதி வை. பழைய கார் என்றால் 90,000க்கு வாங்கினாலும் 50,000தான், அந்த 150,000 பேச்சே கிடையாது. அப்புறம், லாப நட்டக் கணக்கில் கார் விற்ற லாபம் என்று ஒரு வரி இருந்தால் அதைக் கழித்துவிடு, தேய்மானத்தைத் திரும்பச் சேர். அதற்குப் பிறகுதான் இந்த 10,000 வருமானக் கணக்கில் சேரும்.