கிரில் கம்பியில் பழைய புகை நாற்றம்: நீங்கள் எப்படிப் போக்கினீர்கள்?

யீஷூன்காரர்:
வீடு மாறிய மாமா தன் பழைய பார்பிகியூ அடுப்பை என் தலையில் கட்டிவிட்டார். "எஃகுக் கம்பி மாப்பிள்ளை, தூக்கிப் போட்டுடாதீங்க." துணி காயப்போடும் இடத்தில் வைத்தேன். இரண்டே நாளில் துவைத்த சட்டையெல்லாம் சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) வாசனை!

எலுமிச்சை தேய்த்தேன், காப்பித்தூள் தூவினேன். ஈரம் காய்ந்ததும் நாற்றம் திரும்பிவிடும். குற்றம் எஃகின் மேல் இல்லை. அதன்மேல் அரக்காக இறுகிய கொழுப்புக்குள் புகையின் தார் மாட்டிக்கொண்டிருக்கிறது. அது உரிகிற வரை எந்த வாசனையும் மேல்பூச்சுதான்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாதான் கேட்டார்: "கரி சுட்ட சாம்பலை என்னடா பண்றே?" அடுத்த முறை பார்பிகியூ சுட ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கடற்கரைக்குப் போனபோது கம்பியை வெறுமனே தணல்மேல் அரை மணி நேரம் காயவிட்டேன். ஆறிய சாம்பலை மைலோ டின்னில் அள்ளி வந்து, சலித்து, நீரில் குழைத்து, கம்பியில் அப்பி, தேங்காய் நாரால் தேய்த்தேன். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அந்தக் காரம் பிசுக்கை இளக்கிச் சவர்க்காரம்போல் ஆக்கிவிடும். மூன்று தடவை தேய்க்க வேண்டியிருந்தது. கையுறை போடாமல் தேய்த்து விரலெல்லாம் எரிந்தது தனிக்கதை.

செங்காங் அக்கா:
தம்பி, எங்களுடையது வார்ப்பிரும்பு. ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப்போட்டேன். காலையில் செக்கச்செவேல் என்று துரு! நாற்றம் மட்டும் அப்படியே. துருவைச் சுரண்டி, கழுவி, உடனே அடுப்பில் காயவைத்து, தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி எண்ணெய் தடவிச் சூடேற்றினேன். நம் சிங்கப்பூர் ஈரக் காற்றில் எண்ணெய் தடவாமல் வைத்தால் ஒரு வாரம் தாங்காது.

ஜூரோங் அண்ணன்:
நான் வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கொட்டினேன். நுரை பொங்கியது, பார்க்க அழகு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்ட, பிசுக்கு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. அப்புறம் சோடாவை மட்டும் குழைத்து அப்பினேன், கொஞ்சம் அசைந்தது. கம்பித் தூரிகையை மட்டும் எடுக்காதீர்கள். அதன் முள் ஒன்று என் கோழித் துண்டில் வந்தது. நல்லவேளை, பல்லில் பட்டது.

யீஷூன்காரர்:
ஐயோ அண்ணே! ஒன்று சொல்ல மறந்தேன்: அலுமினியத் தட்டில் சாம்பல் வேண்டாம், கறுத்துவிடும். மாமாவின் தட்டு போச்சு, இன்னும் அவரிடம் சொல்லவில்லை.