கரி பஸ் நீராவியிலா ஓடுச்சு?

கோட்டையூரான்:
ரெண்டாம் உலக யுத்தத்துல பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தப்போ காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஓடின கரி பஸ்ஸை, பள்ளிக் கண்காட்சிக்கு மாதிரியாச் செய்யணும். பாதிப் பேர் "ரயில் மாதிரி தண்ணியக் கொதிக்க வச்சு ஓட்டினாங்க"ங்கறாங்க. அப்போ பின்னாடி நின்ன உருளைதான் பாய்லரா? கிளம்புறதுக்கு முன்னாடி கிளீனர் எதுக்குக் கைப்பிடியைச் சுத்திக்கிட்டே இருந்தார்?

பழைய கார்பரேட்டர்:
நீராவியே இல்லை அண்ணே. அதே பெட்ரோல் இன்ஜின்தான், உள்ளே போற சரக்குதான் வேற. அந்த உருளைக்கு கேஸ் பிளாண்ட்னு பேரு. அடியில கரி கனலும், ஒரு குழல் வழியாக் காற்று அளவாப் போகும். தாராளமா விட்டா கரி முழுசா எரிஞ்சு கார்பன் டை ஆக்சைடாப் போயிடும், அதுல இன்ஜின் ஓடாது. காற்று சுருக்கமா இருந்தா, சுத்தியுள்ள சிவந்த கரி அந்த டை ஆக்சைடைக் கார்பன் மோனாக்சைடா மாத்திடும். அதுதான் எரியும். வர்ற வாயுவுல இது சுமார் 30 சதவீதம். மீதியில பெரும்பங்கு எரியாத நைட்ரஜன்.

மாதிரியில இந்த வரிசை மாறக் கூடாது: உலை, தூசி பிரிக்கிற கூம்பு, ஆறவைக்கிற குழாய்கள், துணி அல்லது நார் வடிகட்டி, காற்று கலக்குற வால்வு, இன்ஜின். ஆறாத வாயு விரிஞ்சே நிக்கும், சிலிண்டருக்குள்ள குறைவாத்தான் புகும்.

கைப்பிடி, ஊதுற காற்றாடிக்கு. ஓடுறப்போ இன்ஜினே காற்றை இழுத்துக்கும், நிக்கிறப்போ இழுக்க ஆளில்லை. அதனால அஞ்சு பத்து நிமிஷம் சுத்தி, சோதனைக் குழாயில தீக்குச்சி காட்டுவாங்க. சுடர் அணையாம நின்னாத்தான், இன்ஜினைச் சுத்திக் கிளப்புற கம்பியான கிராங்க்கைப் போடலாம். கொஞ்சம் பெட்ரோல்ல கிளப்பிட்டு வாயுவுக்கு மாத்துறதும் உண்டு.

கிட்டம்:
சூட்சுமம் எல்லாம் கரியிலதான். வைரம் பாய்ஞ்ச மரத்துக் கரி, இல்லேன்னா கொட்டாங்குச்சிக் கரி. கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைச்சு, தூளைச் சலிச்சுடணும். தூள் காற்றை அடைக்கும். பெருங்கட்டி போட்டா நடுவுல சிக்கி நின்னு, அடியில பொந்து விழுந்துடும். அரைகுறையா வெந்த கரியில தார் வரும், அது வால்வுல ஒட்டினா மறுநாள் இன்ஜின் அசையாது. விறகை மண்ணால மூடிக் கரியாக்குற மூட்டத்தைப் பிரிக்கிறப்போ ஒட்டுற மண்ணு உலைச் சூட்டுல உருகிக் கிட்டமா, அதாவது கல்லு மாதிரிக் கட்டியா இறுகி, குழல் வாயை மூடிடும். ஈரம் இன்னொரு தொல்லை. கரி எடைக்குத்தானே போகுது, தண்ணி தெளிச்சவனுக்கு லாபம், உலைக்குச் சூடு போச்சு.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடா ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ கரி வேணும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் போற பஸ்னு வச்சா, காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குச் சுமார் 40 கிலோமீட்டருக்குப் 15 கிலோ வரை. அதுலயும் இன்ஜின் பலம் பாதிக்குக் கிட்ட போயிடும். இந்த வாயு மெதுவா எரியறதால ஸ்பார்க்கை, அதாவது சிலிண்டருக்குள்ள பொறி விழுற நேரத்தை, இன்ஜின் சுத்துற கணக்குல 10, 15 டிகிரி முன்னாடி தள்ளி வைக்கணும். ஏத்தத்துல ஆளை இறக்கி நடக்க விட்டாங்கங்கறது கேலிக் கதையில்லை, கணக்குதான்.

மேலவாசல்:
பலகைக்கு ரெண்டு வரி: 1942 மார்ச் 8ல் பர்மாவோட ரங்கூன் ஜப்பான்கிட்ட விழுந்துச்சு. அதுக்கு முந்தியே பக்கத்துல இருந்த சிரியம் எண்ணெய் ஆலையைப் பிரிட்டிஷார் தாங்களே தகர்த்துட்டாங்க. நம்ம ஊர்க்காரங்க வட்டிக்கடை வச்ச, தேக்கும் அரிசியும் வந்த அதே பர்மாவிலிருந்துதான் நமக்குப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வந்துச்சு. டி.வி.எஸ். நிறுவனமே அப்போ கேஸ் பிளாண்ட் செஞ்சது. ஊர் பேர் போடுறப்போ காரைக்குடி ராமநாதபுரம் ஜில்லா, திருமயம் புதுக்கோட்டை சமஸ்தானம். சிவகங்கை மாவட்டம்னு எழுதிடாதீங்க, அது 1985ல வந்தது.

கோட்டையூரான்:
நன்றி. மாதிரியில நிஜமாவே கொஞ்சம் கரி எரிச்சுக் காட்டலாமா?

பழைய கார்பரேட்டர்:
வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஓடுறப்போ பிளாண்ட் உள்ளிழுக்கும், விரிசல் இருந்தாலும் வாயு வெளியே வராது. இன்ஜினை நிறுத்தினப்புறம்தான் மோசம்: சுமார் 20 நிமிஷம் உள்ளே வாயு ஊறிக்கிட்டே இருந்து வெளியே தள்ளும். அதனாலதான் நிறுத்தின உடனே கொட்டகைக்குள்ள விடக் கூடாதுங்கறது. வகுப்பறையில கேக்கவே வேண்டாம். தகர டப்பாவுல பக்கவாட்டில ஒரு சன்னல் வெட்டி, உள்ளே உடைச்ச கரியும் சிவப்பு பல்பும் போதும்.