ஜவ்வாது மலையில் ஓர் இரவு

கேள்வி:
வேலூரிலிருந்து இந்த வாரக் கடைசியில் பிள்ளைகளோடு ஜவ்வாது மலைக்குச் சென்று, கூடாரத்தில் தங்கி, விலங்குகளையும் பறவைகளையும் பார்க்க விரும்புகிறோம். எங்கே தங்கலாம்?

மறுமொழி 1:
காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம் என்பதால், முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். ஜமுனாமரத்தூரில் தங்கி, விடியற்காலையில் காடறிந்த ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நடப்பதே நல்லது. அது கரடி நடமாடும் காடு. கறையான் புற்று கிளறப்பட்டு, மண் இன்னும் ஈரமாகவும் அதில் நகக்கீறல்கள் ஆழமாகவும் தெரிந்தால், அண்ணா, பிள்ளைகளைக் கைப்பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேசியபடியே வந்த வழியில் திரும்பிவிடுங்கள்.

மறுமொழி 2:
காவலூர் வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி இம்மலையில்தான் இருக்கிறது. வானம் அவ்வளவு இருட்டு. கைவிளக்கை அணைத்துவிட்டு விண்மீன்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.