பழைய தோட்டத்து மண்டபம்: சிமெண்டா, சுண்ணாம்பா?

லயத்துப்பையன்: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நம்ம லயத்து (தோட்டக் குடியிருப்பு) செங்கல் மண்டபத்தில் மூணடி உயரத்துக்கு ஓதம், அதாவது மண்ணு ஈரம், சுவரில் ஏறி பூச்சு கொட்டுது. தீபாவளிக்கு முன்னால ரெண்டு ஞாயிறு கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேர்ந்து செய்யும் வேலை). பூச்சைக் கொத்திட்டு சிமெண்ட் 1, மணல் 4 கலந்து பூசி, எமல்ஷன் சாயம் அடிக்கிறதா திட்டம். கூரைப் பாசிக்கு வாட்டர்ஜெட். மாற்றுக் கருத்து இருந்தா இப்பவே சொல்லுங்க.

கொத்துக்கரண்டி: தம்பி, ஆள் சேர்த்ததே பெரிய காரியம். ஆனா இந்தக் கலவை வேண்டாம். செங்கல் இடுக்குச் சாந்தை ஆணியால கீறிப் பாருங்க. வெள்ளையா, மாவா உதிர்ந்தா அது சுண்ணாம்புச் சாந்து. அதுமேல சிமெண்ட் பூசினா உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாம மேலே ஏறும். பூச்சு முடியுற இடத்தில் உப்புப் பூத்து, செங்கல் முகத்தையே பெயர்த்துடும். பூச்சு போனா திரும்பப் பூசலாம், செங்கல் போனா?

ஓதம் எங்கிருந்து வருதுன்னு முதல்ல பாருங்க. வெளிமண் உள்தரையைவிட ஆறங்குலமாவது தாழ்ந்திருக்கணும். காலங்காலமா கொட்டின மண்ணு அந்த இடைவெளியை மூடியிருக்கும். முதல் ஞாயிறை மண்வெட்டிக்கும் லோங்காங்குக்கும் (வடிகால்) கொடுங்க. கூரைத் தண்ணி சுவரடியில் விழக்கூடாது.

தாமான்வாசி: கேட்க நல்லாருக்கு அண்ணே. சுண்ணாம்பு இறுக எத்தனை வாரம்? வர்றவங்க ஞாயிறு மட்டும்தான் வர்றாங்க. சிமெண்ட் மறுநாளே கெட்டியாயிடும். வேலை பாதியில் நின்னா மூணாவது ஞாயிறு ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. சுவரைவிட எனக்கு அந்தக் கவலைதான்.

கொத்துக்கரண்டி: ஞாயிறுக் கணக்கு சுண்ணாம்புக்குத்தான் ஒத்துவரும். சுண்ணாம்புத் தூளை ஒருநாளாவது தண்ணியில் ஊறவெச்சு, 1க்கு 3 கழுவின மணல். ஒரு பூச்சு 10 மி.மீ. தாண்டக்கூடாது, அடுத்ததுக்கு ஒரு வாரமாவது விடணும். நடுவில் ஈரக் கோணிச்சாக்கு தொங்கவிட்டு காலை மாலை தண்ணி தெளிக்கணும். வெயிலில் சட்டுனு காய்ஞ்சா இறுகாம மாவாயிடும். அதுக்கு லயத்தில் ரெண்டு வீடு பொறுப்பெடுத்தா போதும். எமல்ஷன் ஈரத்தை அடைக்கும். அதுக்குப் பதிலா சுண்ணாம்பை மெல்லிசா நாலு தடவை அடிங்க. பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம், சுண்ணாம்பு கண்ணில் பட்டா பார்வைக்கே ஆபத்து.

பால்மரம்: சுவரைப் பேசிக் கூரையை விட்டுட்டீங்களே! அலையலையா சாம்பல் நிறத்தில் பழைய தகடுன்னா ஆஸ்பெஸ்டாஸா (கல்நார்) இருக்கலாம். வாட்டர்ஜெட் அடிச்சா நார் பிரிஞ்சு பிள்ளைகள் விளையாடுற முற்றமெல்லாம் படியும், காய்ஞ்சதும் காற்றில் கிளம்பும். ஏறி நின்னா தகடு உடைஞ்சு ஆள் விழுவான். சோதிக்கிறவரை தொடாதீங்க, உடைஞ்ச துண்டை வீட்டுக் குப்பையில் போடாதீங்க. அதுக்குப் பயிற்சி பெற்ற ஆள்தான் வேணும். காசு சேராதுன்னு சொல்லாதீங்க. 1960இல், அப்போ அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் தொடங்கின தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் கட்டின பணத்தில் தோட்டங்களையே வாங்குச்சு.

தாமான்வாசி: கூரை விஷயத்தில் நீங்க சொல்றது சரி, வாட்டர்ஜெட் வேண்டாம். சுவருக்கு நான் இன்னும் சிமெண்ட் பக்கம்தான். பின்சுவரை மட்டும் சுண்ணாம்பில் பூசுங்க, ஒரு மழைக்காலம் தாங்குதான்னு பார்த்துட்டு முன்சுவரைப் பேசுவோம். அதுவரை அங்கே ரெண்டுமே வேண்டாம்.

லயத்துப்பையன்: சரி, இந்த ஞாயிறு மண்ணும் லோங்காங்கும். மண்வெட்டி இருக்கு, தள்ளுவண்டிதான் இல்ல. யார்கிட்ட இருக்கு? தண்ணி தெளிக்கிற ரெண்டு வீட்டையும் வெள்ளிக்குள்ள கேட்டுச் சொல்றேன்.