சண்டே மார்க்கெட் கம்பளிக் கோட்டு: இங்கிலீஷா, பிரெஞ்சா? பொத்தானில் பச்சை பூத்திருக்கு, உதவி தேவை

கிழிஞ்ச பாக்கெட்:
போன ஞாயிறு புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய மிலிட்டரி கோட்டு வாங்கினேன். 900 சொன்னார், 650-க்கு முடிந்தது. இடுப்போடு நின்றுவிடும் குட்டைக் கோட்டு. காக்கியும் பழுப்பும் கலந்த முரட்டுக் கம்பளி, தொட்டாலே அரிக்கும். "சொல்தா வீட்டுச் சரக்கு தம்பி, அசல் பிரெஞ்சு" என்றார் கடைக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த நம்மூர்க்காரர்களைத்தான் இங்கே சொல்தா என்பார்கள். வீட்டில் புரட்டிப் பார்த்தால் உள் லேபிள் முழுக்க இங்கிலீஷ்! பேட்டில்டிரஸ் (போர்க்கள உடுப்பு), 1940 பேட்டர்ன் என்று போட்டு, உயரமும் மார்பும் இடுப்பும் அங்குலத்தில், கீழே 1944. பக்கத்தில் கோழிக்கால் போல மூன்று கோடுகள் கொண்ட முத்திரை. ஆனால் இடது கையில் சாய்சதுரத் துணி, அதில் சிவப்பு நங்கூரம். தோளில் உள்ள இரண்டு பித்தளைப் பொத்தானிலும் நங்கூரம்தான்.

யாரோ ஒட்டுப்போட்டு விற்றுவிட்டார்களா? யூவி டார்ச் அடித்தால் போலி தெரியும் என்று படித்து அடித்துப் பார்த்தேன், காலர் ஓரம் நீலமாக மின்னுகிறது. வயிறு கலங்கிவிட்டது. பொத்தானைச் சுற்றிப் பச்சையாக மெழுகு மாதிரி ஏதோ பூத்திருக்கிறது. அக்குளில் பொடிப்பொடியாக ஏழெட்டு ஓட்டை. என்ன செய்யலாம்?

சோடா உப்பு:
பித்தளைக்குப் புளி, வினிகர் எதுவானாலும் ஓகே. கோட்டை ஷாம்பூ தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்க, அரிப்பும் போகும்.

பித்தளைப் பொத்தான்:
ஐயோ, ஊறவே போடாதீங்க! அந்தக் கம்பளி சுருங்கினால் பிறகு குழந்தைக்குத்தான் ஆகும். லேபிளில் இருக்கும் மையும் கலங்கிவிடும். லேபிள்தான் இந்தக் கோட்டுக்கு ஜாதகம். வினிகர் சொட்டு துணியில் இறங்கினால் கறை அப்படியே தங்கிவிடும்.

கோழிக்கால் என்றது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்கான அம்புக்குறி. கனடா சரக்கென்றால் அம்பைச் சுற்றி சி எழுத்து இருக்கும், இந்தியாவில் தைத்ததென்றால் ஐ எழுத்து சேர்ந்திருக்கும். வெறும் அம்பு என்றால் பிரிட்டன். இன்னொன்று பாருங்கள்: முன்பக்கப் பொத்தான்கள் வெளியே தெரிகிறதா, மார்புப் பாக்கெட்டில் மடிப்பு இருக்கிறதா?

கிழிஞ்ச பாக்கெட்:
பொத்தான் வெளியே தெரிகிறது, மடிப்பு இல்லை.

பித்தளைப் பொத்தான்:
அப்போ லேபிள் பொய் சொல்லவில்லை. 1937 மாடலில் பொத்தானைப் பட்டி மூடியிருக்கும், பாக்கெட்டில் மடிப்பு வரும். போர்க்காலச் சிக்கனத்தில் இரண்டையும் வெட்டிவிட்டதுதான் 1940 பேட்டர்ன். நங்கூரம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை, பிரெஞ்சுப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

லாசப்பல்:
நான் பாரிஸில் இருக்கிறேன், சொந்த ஊர் புதுவை. இரண்டுமே உண்மை தம்பி, கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. நங்கூரம் பிரெஞ்சுக் காலனியப் படைகளின் சின்னம். உலகப் போர் முடிந்தபோது பிரெஞ்சு ராணுவத்துக்குச் சொந்தமாகத் தைத்த உடுப்பு போதவில்லை. பிரிட்டிஷ், அமெரிக்க உடுப்புகளைத்தான் போட்டார்கள். இந்தோசீனாவுக்கு 1945-46ல் போன படையும் அப்படித்தான். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் தைத்த 1946 மாடலே இந்தப் பேட்டில்டிரஸைப் பார்த்துச் செய்ததுதான். செந்த்-உவன் பழம்பொருள் சந்தையில் பிரிட்டிஷ் லேபிளும் பிரெஞ்சுப் பட்டையுமாக ஒரு கோட்டு நானே பார்த்திருக்கிறேன்.

நங்கூரத்தை வைத்து மட்டும் வருஷம் சொல்ல முடியாது. 1961ல் அந்தப் படைகளுக்கு 'த்ரூப் து மரின்' என்று பெயர் மாறியபோதும் நங்கூரம் அப்படியே இருந்தது. புதுவை வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு எதற்கு என்று யோசிக்காதீர்கள். பிரான்ஸ் குளிரில் டியூட்டி பார்த்தவர் பெட்டியில் போட்டுக் கொண்டு வந்திருப்பார். எங்கள் தாத்தா பெட்டியிலும் ஒன்று இருந்தது. பாட்டி அதைப் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டார். 😞

எக்ஸ் ஹவில்தார்:
பொத்தானுக்கு பிராஸோ (பித்தளை பாலிஷ்) போட ஆசை வரும், போடாதீர்கள். துணியில் வெள்ளையாகப் படியும், நங்கூரமும் தேய்ந்து மொட்டையாகிவிடும். பல் குத்தும் மரக்குச்சியால் காய்ந்த பச்சையைச் சுரண்டி எடுங்கள், போதும். பழைய ஏடிஎம் கார்டில் ஒரு வெட்டு வெட்டிப் பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே நுழைத்துக்கொள்ளுங்கள், தூசி துணியில் படாது. பாலிஷ் போட நாங்கள் வைத்திருந்த பட்டன் ஸ்டிக்கும் இதே வேலைதான் செய்யும்.

இதைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பதில் தப்பில்லை. ஆனால் இப்போதைய ராணுவ உடுப்பைப் போட்டுக்கொண்டு சிப்பாய் என்று நம்பவைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 168-ல் மூன்று மாதம் வரை உள்ளே போகலாம். சந்தையில் புது டிசைன் துணி தொங்கினாலும் வாங்காதீர்கள்.

மடிப்பு கலையாத:
ஓட்டை பூச்சி வேலை. அக்குளில் வியர்வை ஊறிய இடம் அதற்கு விருந்து. தையல் மடிப்புக்குள் அரிசி உமி மாதிரி கூடு இருந்தால் புழு இன்னும் உள்ளே இருக்கலாம். ரசகற்பூரம் போட்டு நாற்றத்தோடு வாழ்வதைவிட ஃப்ரீசர் மேல். பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை நன்றாகப் பிழிந்துவிட்டு டேப் ஒட்டி, மைனஸ் 18-ல் இரண்டு வாரம். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, ஒரு நாள் வெளியில் கிடக்கட்டும். இல்லாவிட்டால் துணிமேல் நீர் பூத்துவிடும். மற்ற கோட்டுகளோடு அதுவரை சேர்க்காதீர்கள். நான் சேர்த்து ஒரு நல்ல கிரேட்கோட்டை இழந்தேன்.

யூவி விஷயம்: துணியை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் பரவலாக வந்தது போருக்குப் பிறகுதான். அதனால் நூல் மின்னினால் சந்தேகப்படலாம். ஆனால் இப்போதைய சோப்புத் தூளிலும் அதே ரசாயனம் இருக்கிறது. காலரை நீங்கள் ஏதாவது செய்தீர்களா?

கிழிஞ்ச பாக்கெட்:
…செய்தேன். வந்த அன்றே காலர் அழுக்கைச் சோப்புத் தூள் தொட்டுத் தேய்த்தேன். 🙈 இப்போது மறுபடி டார்ச் அடித்தேன். நங்கூரம் தைத்த நூல் மின்னவில்லை, மற்ற இடமும் இல்லை.

மடிப்பு கலையாத:
அவ்வளவுதான், கேஸ் முடிந்தது. நூல் மின்னாதது பழசுக்கு நூறு சதவீதச் சான்று இல்லை, ஆனால் பயந்த காரணம் போய்விட்டது.

கிழிஞ்ச பாக்கெட்:
இன்னொன்று. உள் பாக்கெட்டில் மையால் ஒரு பெயரும் எண்ணும் எழுதியிருக்கு. நம்ம ஊர்ப் பெயர். போட்டோ போடட்டுமா?

லாசப்பல்:
இங்கே போடாதீர்கள், குடும்பம் இன்னும் ஊரிலேயே இருக்கலாம். எண் மட்ரிக்யூலாக, அதாவது சிப்பாயின் ராணுவப் பதிவு எண்ணாக, இருந்தால் பிரான்ஸில் போ நகரத்தில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவணக்காப்பகத்துக்கு எழுதலாம். அதற்கு முன் புதுவையில் பிரெஞ்சு ராணுவத்து முன்னாள் சிப்பாய்கள் கூடும் 'ஃபோயே து சொல்தா'வில் கேளுங்கள். ஜூலை 14 அன்று மெடல் குத்திக்கொண்டு வரும் பெரியவர்களிடம் பெயரைச் சொன்னாலே வீதி பெயரோடு பதில் வரும்.

கிழிஞ்ச பாக்கெட்:
சரிண்ணா. கோட்டு ஃப்ரீசரில் இருக்கிறது, அம்மா மீன் வைக்க இடமில்லை என்று திட்டிக்கொண்டிருக்கிறார். 16 ஆம் தேதி எடுக்கிறேன். அதற்குள் ஃபோயேவுக்கும் போய்விட்டு வருகிறேன்.